வெளியே வராத வெள்ளை அணுக்கள்

ஊசி ஏற்ற நரம்பு தேடி மிஸ்ஸி (தாதி) வந்தால், முழங்கை மடிப்பைத்தான் நீட்டுவேன். புறங்கை போர்வைக்குள் போய்விடும். அங்கே மருக்கள். பத்து வயதில் ஒன்றாக ஆரம்பித்தது, முப்பத்தாறு வயதில் எண்ண முடியாத அளவுக்குப் பெருகியிருந்தது. பத்து காவான் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் நான் சேர்ந்ததே, அங்கே வேலை நேரம் முழுக்கக் கையுறை போட்டிருக்கலாம் என்பதற்காகத்தான். என் கணவருக்குக்கூட அந்தக் காரணம் தெரியாது.

அந்த முப்பத்தாறாவது வயதில் வந்தது நான்காவது நிமோனியா (நுரையீரல் தொற்று). ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் பதினோராவது நாள்.

சிறு வயதிலிருந்தே காதில் சீழ், நெஞ்சில் சளி. "இவ உடம்பு வாகு அப்படி" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். காய்ச்சலோடு போகும்போதெல்லாம் ரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணுக்கள் (கிருமிகளோடு சண்டை போடுபவை) சரியாகவே இருக்கும். நன்றாக இருக்கும் நாளில் யார் போய் ரத்தம் கொடுப்பார்கள்?

மருவுக்கு எங்கள் வீட்டில் டாக்டர் கிடையாது. அம்மா உப்பும் மிளகும் வாங்கிக் கொடுத்து, கோயிலில் போட்டால் உதிரும் என்பார். வருடக்கணக்காகப் போட்டேன். உதிராதபோது என் பக்தியின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆக, சளி ஆஸ்பத்திரிக்கு, மரு சாமிக்கு. சாமியைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான், அந்த நான்தான் வாயைத் திறக்கவில்லை.

இந்த முறை காய்ச்சல் விட்டபிறகு, வீட்டுக்கு அனுப்புமுன் இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயிருந்தன. ரத்த நோய் மருத்துவர் வந்தார். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு.

"கையக் காட்டுங்க."

முழங்கையை நீட்டினேன்.

"அது இல்லம்மா. போர்வைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அது."

காட்டினேன்.

"யாருகிட்டயும் ஏன் சொல்லல?"

"நெஞ்சுக்குத்தானே வந்தேன் டாக்டர், கைக்கா வந்தேன்? சும்மா மருதான் லா."

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர் ஒருவர் அங்கே தொட்டது அதுவே முதல் முறை.

எலும்பு மஜ்ஜையை (எலும்புக்குள் ரத்தம் உருவாகும் இடம்) ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் இல்லாத வெள்ளை அணுக்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. மரபணுப் பரிசோதனை மீதியைச் சொன்னது.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கீமோகைன் என்பது அணுக்களை 'இங்கே வா, இங்கேயே இரு' என்று அழைக்கும் சிறு புரதம். அந்த அழைப்பை வாங்கிக்கொள்ள அணுவின் மேல் ஓர் ஏற்பி (சமிக்ஞையைப் பெறும் புரதம்) இருக்கிறது. என் கோளாறு 'சி.எக்ஸ்.சி.ஆர்.4' என்ற ஏற்பியில். அணு முதிர்ந்ததும் இது அடங்க வேண்டும், அப்போதுதான் அணு மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்கு வரும். என்னுடையது அடங்குவதில்லை. கடும் காய்ச்சலில் மட்டும் உடம்பு கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் நான் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மரு உண்டாக்கும் வைரஸையும் இதே கோளாறால்தான் என் உடம்பால் விரட்ட முடியவில்லை.

"அணுக்கள் நெறைய இருக்கு. வேலைக்குத்தான் வரமாட்டேங்குது" என்றார் டாக்டர்.

"எங்க சூப்பர்வைசரா இருந்தா வார்னிங் லெட்டர் குடுத்திருப்பாரு."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: "பிள்ளைங்க இருக்காங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே மகள், யாழினி, ஏழு வயது. அந்த வருடம் இரண்டு தடவை காதில் சீழ் வந்திருந்தது. இது பரம்பரையாக வரும் கோளாறு, அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

என் கணவர் பிறை என்ற ஊரில் லாரி ஓட்டுகிறார். "காது வலி எல்லாப் பிள்ளைக்கும் வரும் லா கலா" என்றார். ஆனால் பரிசோதனைக்கு யாழினியிடம் ரத்தம் எடுக்கும்போது பிள்ளையை விட அவர் முகம்தான் வெளுத்திருந்தது. முடிவு வரும்வரை தினமும் குளிப்பாட்டும்போது அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். "கூசுதும்மா" என்று கையை இழுத்துக்கொள்வாள்.

இருக்கிறது என்று வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று வாய்விட்டு அழுதேன். என்னிடமிருந்துதானே போயிருக்கிறது!

"தெரிஞ்சா குடுத்த?" என்று மட்டும் கேட்டார் கணவர். அந்த ஒரு கேள்விக்காக அவரை எதற்கும் மன்னிப்பேன்.

இப்போது, அணுக்களை வெளியே இழுக்கும் ஊசியை என் வயிற்றில் நானே போட்டுக்கொள்கிறேன். எலும்பு வலிக்கும். அந்த ஏற்பியையே அடக்கும் மாத்திரை வெளிநாட்டில் இருக்கிறதாம், கேட்டு எழுதியிருக்கிறார் டாக்டர். இடது நுரையீரலின் அடிப்பகுதி தழும்பேறிவிட்டது, அது திரும்பாது. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிப் படியில் நின்று நின்றுதான் ஏறுகிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன்: டாக்டரிடம் போகும்போது உடம்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெட்கப்படும் இடத்தை முதலில் காட்டுங்கள்.

யாழினிக்கு இப்போதைக்கு ஊசி வேண்டாம், ஆனால் காய்ச்சல் என்றால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். போன மாதம் தமிழ்ப்பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார், பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று. நல்லவேளை, அன்று எனக்கு ஆஃப். அள்ளிக்கொண்டு ஓடினேன்.

"எத்தன நாளா காய்ச்சல்?" அவசரப் பிரிவு மிஸ்ஸி தலை நிமிராமல் கேட்டார்.

"நாள் இல்ல மிஸ்ஸி. நாப்பது நிமிஷம்."

இப்போது நிமிர்ந்தார். "நாப்பது நிமிஷத்துக்கா இந்த ஓட்டம்?"

கடிதத்தை நீட்டினேன். படித்தவர், எழுந்தே போய் டாக்டரைக் கூட்டி வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து அவள் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

பிறையிலிருந்து வேலை உடுப்போடு ஓடி வந்த என் கணவர், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "பாப்பாவுக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றேன். சொன்னபிறகுதான், அது உண்மை என்று எனக்கே உறைத்தது.