டீசல் எஞ்சினுக்கு மணி கிடையாது

என் மச்சினன் முத்துப்பாண்டிக்குப் பெண் தேடிய கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆள் லிஃப்ட் மெக்கானிக். மதுரையில் பாதி ஜவுளிக்கடை லிஃப்ட் அவன் கை பட்டுத்தான் ஏறி இறங்குகிறது. குடி கிடையாது, ஊர்வம்பு கிடையாது, திருநகரில் மாடி வீடு. பெண் வீட்டார் இதையெல்லாம் கேட்டுக் குளிர்ந்துபோய் வீடு பார்க்க வருவார்கள். மாடியறைக் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடும். அறையை அடைத்துப் பலகை, பலகை முழுக்கத் தண்டவாளம், அதன் மேல் ஒரு சாண் நீளத்தில் டீசல் எஞ்சின்கள். கடைசியாக வந்த பெரியவர் என்னை ஓரங்கட்டி, பையன் நல்லாத்தானே இருக்காப்ல என்று கேட்டார். நல்லாத்தான் இருக்காப்ல, ரயில் மட்டும் கொஞ்சம் ஓடும் என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. முத்துப்பாண்டி என் மனைவி தமிழ்ச்செல்விக்கு ஒரே தம்பி. அன்றைக்கு எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

எனக்குத் திருநகர் மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை. அழகுபாண்டி பெயிண்ட்ஸ் என்றால் யாரும் காட்டுவார்கள். சந்தனக் கலரில் பதினாறு வகையைக் காட்டியும் "இது இல்லை அண்ணே" என்று நிற்கிற வாடிக்கையாளர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டினாலும் என் மச்சினனுக்கு ஈடாக மாட்டார்கள். எஞ்சினில் ஓடுகிற மஞ்சள் பட்டை ஒரு நூல் இறங்கியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. இவனைப் போலவே ரயில் பித்துப் பிடித்தவர்கள் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தன் எஞ்சினுக்குத் தப்பான விளக்கு வைத்துவிட்டார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரோடு மல்லுக்கட்டினான். அப்படிப்பட்டவன் வண்டியில் ஒரு தப்பைத் தெரிந்தே வைத்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஒச்சாயி, குலதெய்வத்துப் பெயர். பிறந்ததிலிருந்து காது கேட்காது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் சின்ன மிஷின் மாட்டியிருக்கும். மிஷினைப் போட்ட அன்றே பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிடும் என்று நினைத்தோம். அப்படி இல்லை. சத்தம் உள்ளே போகும். ஆனால் சத்தம் என்பது திரும்பிப் பார்க்க வேண்டிய விஷயம் என்று பிள்ளை படிக்க வேண்டும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டரம்மா. பொறுமைக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் தட்டைத் தட்டினோம், தகரத்தைத் தட்டினோம். சில நாள் திரும்புவாள், பல நாள் திரும்ப மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இல்லவே இல்லை.

அவள் அடம்பிடிக்காமல் உட்காருகிற ஒரே இடம் மாமனுடைய மாடியறைதான். ஆபரேஷனுக்கு முன்னாலேயே பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். வண்டி பக்கத்தில் வரும்போது பலகை அதிரும், அவள் சிரிப்பாள். அவளுக்காகவே முத்துப்பாண்டி ஒரு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவான்.

அப்போதெல்லாம் அவனுடைய வண்டிகள் சத்தமில்லாமல்தான் ஓடின. மிஷின் போட்டதற்கப்புறம் ஒரு நாள் என் அத்தை ராமக்காள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஊமை ரயிலா இருக்கு" என்றார். அத்தைக்கு வாய் அப்படித்தான், மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வார்த்தை அந்த அறையில் விழுந்திருக்கக் கூடாது. முத்துப்பாண்டி ஒச்சாயியைப் பார்த்தான், வண்டியை நிறுத்தினான். அத்தையைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது, "மச்சான், வண்டிக்குச் சத்தம் வைக்கப் போறேன். காதுகுத்துக்குள்ள அவ என் வண்டியைக் கேட்டுத் திரும்பணும்" என்றான். காதுகுத்தில் அவன்தான் தாய்மாமன், அவன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும்.

சத்தம் வைப்பதற்கு ஒரு சில்லு இருக்கிறது. சவுண்டு டிகோடர் என்பார்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதை எஞ்சின் வயிற்றுக்குள் வைத்து, கூடவே சுண்டுவிரல் நுனியளவு ஸ்பீக்கரும் வைத்துவிட்டால், கையிலிருக்கிற ரிமோட்டில் அமுக்க அமுக்க ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு சத்தம் வரும். ஏதோ ஒன்றை வாங்கி மாட்டுவான் என்று பார்த்தால், பெண் பார்த்ததற்குக்கூட அவன் இந்தப் பாடுபடவில்லை.

முதலில் வந்தது மலிவுச் சரக்கு. எங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். தமிழ்ச்செல்வி கேட்டவுடனேயே, நம்ம கிணத்து ஆயில் எஞ்சின் மாதிரி இருக்கு என்றாள். அவர்கள் செக்கானூரணிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர்கள், அந்தச் சத்தம் காதில் ஊறிப்போயிருக்கிறது. அக்காள் சொன்னபிறகு தம்பிக்கும் அப்படித்தான் கேட்டது. அடுத்து வாங்கியது நன்றாக உறுமியது. ஆனால் நின்றுகொண்டிருக்கும்போது நம் ஊர் பழைய டீசல் ஒரு மாதிரி தட்டுத்தடுமாறித் துடிக்குமாம், இது ஒரே சீராகத் துடிக்கிறதாம். வேண்டாம் என்று பிரித்தெடுத்துவிட்டான். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது அமெரிக்கச் சில்லு. நம் பழைய டீசலும் அந்த ஊர் டீசலும் ஒரே வம்சமாம், துடிப்பு அச்சு அசலாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், கண் கலங்கிவிட்டது அவனுக்கு. ஆனால் அதில் இரண்டு வில்லங்கம். ஹாரன் நம் ஊர் ஹாரன் இல்லை. இன்னொன்று, ஒன்றாம் நம்பர் பட்டனை அமுக்கினால் டாங் டாங் என்று மணி அடித்தது. அந்த ஊரில் டீசல் எஞ்சின் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மணி அடித்துக்கொண்டு வருமாம். "டீசலுக்கு ஏது மச்சான் மணி? கேட்டா குழுவுல காறித் துப்புவாங்க" என்று மணியின் சத்தத்தை ஒன்றுமில்லாமல் குறைத்துவைத்தான்.

ஹாரனுக்கு நம் ஊர் வண்டியையே பதிவு செய்து ஏற்றிக்கொள்ளலாமாம். என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்குப் போனான். இப்போது எல்லாம் கரண்டு வண்டி, டீசல் எப்போதாவதுதான் வரும். ஹாரனில் என்னடா டீசல், கரண்டு என்று கேட்டதற்கு முறைத்தான். ஒரு வழியாக டீசல் வந்து ஹாரன் அடித்தது, குன்றத்து மயில் ஒன்றும் கூடவே கத்தியது. இன்னொரு தடவை எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது, மாப்ள, பஜ்ஜி ஆறுது வா என்று ஒரு குரல் நடுவில் புகுந்துவிட்டது. அந்தக் குரல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. அதற்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடவில்லை. திருமங்கலம் தாண்டி வயலுக்குள் நின்று தனியாகப் பதிவு செய்துகொண்டு வந்தான்.

காதுகுத்து நெருங்கியபோது எல்லாம் தயார். ஒச்சாயியைப் பலகைப் பக்கம் முதுகு காட்டி உட்காரவைத்தோம். முத்துப்பாண்டி எஞ்சினை உறுமவைத்தான். பிள்ளை கையிலிருந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தான், மறுபடி அடித்தான். ஸ்பீக்கரை மாற்றினான், சத்தத்தைக் கூட்டினான். அவள் திரும்பவில்லை. தமிழ்ச்செல்வி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு மச்சான். ஆனா கேக்கலையே" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எம் பிள்ளையைக் குறை சொல்லாத மாப்ள."

"பிள்ளையைச் சொல்லல. என் வண்டியைச் சொல்றேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. நானும் அவனும் ஒரே கவலையில்தான் இருந்தோம்.

விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஏதோ ஒரு சத்தத்தைக் கூட்டப்போய் எல்லாம் குழம்பிவிட்டதாம். செட்டிங்கையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து வைத்தேன், இப்போது சரியாகிவிட்டது என்று போனில் சொன்னான். அழித்தால் சில்லு கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும் என்பதையோ, கூடவே என்ன திரும்பி வரும் என்பதையோ அந்த அவசரத்தில் அவன் யோசிக்கவில்லை.

திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு வந்தது. தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் தட்டுத் தட்டாக வர, கடைசியில் ஒரு பலகையில் வட்டமாகத் தண்டவாளமும் அதன் மேல் எஞ்சினும் வந்தது. சனம் சிரித்தது. தாய்மாமன் சீரில் ரயில் வந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. எனக்கு மானம் போனது. வேண்டாம்டா என்று எவ்வளவோ சொல்லியிருந்தேன், ஒற்றைக்காலில் நின்று கொண்டுவந்துவிட்டான்.

மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தாள். ஆசாரி கை பட்டுவிடக் கூடாது என்று குத்துவதற்கு முன்னால் மிஷினைக் கழற்றிவிட வேண்டும். தமிழ்ச்செல்வி கழற்றக் கையை நீட்டினாள். "ஒரு தடவை அக்கா" என்றான் முத்துப்பாண்டி. மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ரிமோட்டை அமுக்கினான். ஹாரனுக்குப் பதில் கை ஒன்றாம் நம்பரில் பட்டுவிட்டது.

டாங், டாங், டாங் என்று மணி அடித்தது.

கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ராமக்காள் அத்தைக்கு ரயில் தெரியவில்லை, மணி மட்டும் கேட்டது. பூசை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து எழுந்து குலவை போட்டார். அத்தை குலவையை எடுத்தால் மற்ற பெண்கள் விடுவார்களா? மண்டபமே குலவையிட்டது. செருப்போடு நின்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். பந்தி வேலையாக நின்ற என் பங்காளி, சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினைப் பார்த்துக் கும்பிட்டார். முத்துப்பாண்டி மணியை நிறுத்தப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஒச்சாயி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குலவைக்குத்தான் திரும்பினாள் என்று நான் நினைத்தேன். தமிழ்ச்செல்வி கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினாள். முத்துப்பாண்டி மணியை நிறுத்தினான். பிள்ளை மாமன் முகத்தைப் பார்த்தாள். அவன் ரிமோட்டை அவள் கண்ணில் படாமல் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு அமுக்கினான். டாங் என்றது. பிள்ளை வெடுக்கென்று எஞ்சினைப் பார்த்து விரலை நீட்டினாள். நிறுத்தினான், விரலை இறக்கினாள். மறுபடி அமுக்கினான், மறுபடி விரலை நீட்டினாள். என் மகளுக்குக் கேட்டது. எது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்தது. நான் அழுதேன், இத்தனை சனத்துக்கு முன்னால் அழுதேன், வெட்கமாகவே இல்லை.

அப்புறம் மிஷினைக் கழற்றினோம், ஆசாரி குத்தினார், பிள்ளை கத்தித் தீர்த்தாள். திரும்ப மிஷினை மாட்டியதும் கண்ணீரும் மூக்குமாக எஞ்சின் பக்கம்தான் கையைக் காட்டினாள். இன்னும் அடி என்று அர்த்தம். சாப்பாடு முடியும்வரை மண்டபத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வண்டிகளைப் பார்க்கத் திருநகர் வந்திருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அசந்துபோனார். ஹாரனைக் கேட்டு முத்துப்பாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரம் பார்த்து ஒச்சாயி வந்து ரிமோட்டைப் பிடுங்கி ஒன்றாம் நம்பரை அமுக்கினாள், மணி அடித்தது. பழைய கணக்கைத் தீர்க்க அவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

"என்னங்க முத்துப்பாண்டி, டீசலுக்கு மணியா? நீங்களே இப்படித் தப்புப் பண்ணலாமா?" என்றார்.

விளக்குக்காக ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டவன் என்ன சொல்லப் போகிறான் என்று நான் பார்த்தேன். அவன் பதில் சொல்வதற்குள் ஒச்சாயி அவன் வேட்டியை இழுத்து, எஞ்சினைக் காட்டி, "ணி" என்றாள். அவள் வாயில் வந்த முதல் சொல் அதுதான். அன்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"தப்புதாண்ணே. டீசலுக்கு மணி கிடையாது" என்றான் முத்துப்பாண்டி, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே. "எம் மருமகளுக்கு இருக்கு."