முட்டைத் துரையின் படம்

அந்தப் படத்தில் அவருடைய தலை நெற்றியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருந்ததை வெட்டியவன் நான்தான். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் முகநூல் பக்கத்தில் அது இன்னும் கிடக்கிறது. அந்தப் பக்கத்தை நடத்துகிறவனும் நானே என்பதால் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகைக்குக் கீழே, தேயிலை சலிக்கும் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் அவர். ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். எல்லாரையும்விட அவர்தான் உயரம், அதனால் வெட்டு அவருக்கு மட்டும் விழுந்தது. பார்க்கிறவர்கள் யாரோ படம் எடுக்கத் தெரியாதவன் எடுத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

மலையகத்தில் லிந்துலைப் பக்கம் இருக்கிற சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. சுற்றுவட்டாரத்தில் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறவர்களிடம் கொழுந்து வாங்கி, தூளாக்கி, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். முதலாளி கொழும்பில் இருக்கிறார். கடிதம், மின்னஞ்சல், முகநூல், வருகிற வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் என் தலையில். படத்தில் நடுவில் நிற்கிற ஐயா வருடத்துக்கு ஒரு முறை இங்கிலாந்திலிருந்து வருவார். யூதர்கள் சாப்பிடத் தகுந்தது இது என்று ஒரு சான்றிதழ் உண்டு, கோஷர் என்பார்கள். அது இருந்தால்தான் எங்கள் தேயிலையைச் சில கடைகள் எடுக்கும். அதற்காகப் பரிசோதிக்க வருகிறவர் அவர். அறுபதைத் தாண்டியிருப்பார். வாசனைக்கு ஏதாவது சேர்க்கிறீர்களா, உருட்டும் இயந்திரத்துக்கு என்ன கிரீஸ் போடுகிறீர்கள், அதில் மிருகக் கொழுப்பு இருக்கிறதா, போன வருடம் இந்த மூலையில் இருந்த பீப்பாய் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். குனிந்து இயந்திரத்துக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே போகும்போது எல்லார் தலையிலும் வெள்ளைத் துணித் தொப்பி இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வெளியே வந்ததும் அவர் அதைக் கழற்றி மடித்துத் திருப்பித் தருவார். அதற்குக் கீழே, உச்சந்தலையில், உள்ளங்கையளவு கறுப்பு வட்டத் தொப்பி ஒன்று இருக்கும். அதை அவர் எப்போதும் கழற்றியதில்லை.

எங்கள் வீட்டுச் சோற்றையும் அவர் தொட்டதில்லை. முதல் தடவை வந்தபோது முதலாளி சொல்லி அனுப்பியிருந்ததால் கோழிக் குழம்பு, பருப்பு, அப்பளம் என்று தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தோம். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து, தலவாக்கலையில் வாங்கி வந்த முட்டை நாலை அவித்து, உப்புத் தொட்டுச் சாப்பிட்டார். கூடவே இரண்டு வாழைப்பழம், கண்ணாடிக் கிளாசில் பால் சேர்க்காத வெறும் தேத்தண்ணி. சலிக்கும் பகுதிக்கு மேற்பார்வையாக இருக்கிறவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. சமைத்தவரும் அவர்தான். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, எங்க சட்டியில என்ன பாம்பா கெடக்கு? கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தன் சமய முறைப்படி வேறு சட்டியில் சமைத்ததைச் சாப்பிட முடியாது, இந்த அம்மாவின் குழம்பு வாசனைக்கு, சாப்பிட முடியவில்லையே என்று அழுகையே வருகிறது என்று சொல்லுங்கள் என்றார். பெரியம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அட, மாலை போட்டிருக்காருன்னு மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் தனிச் சட்டி, தனிப் பாய் என்று இருப்பதைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களில் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள். அடுத்த அரை மணி நேரத்தில் ஒபிஸ் அறை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவப்பட்டது. பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். மாலை போட்டவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே "சாமி, தேத்தண்ணி", "சாமி, பாத்து எறங்குங்க" என்று அவரைச் சாமி ஆக்கிவிட்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். கடவுள் என்று சொன்னதுதான் தாமதம், மனுஷன் பதறி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். கடவுள் ஒருவர்தான், மனிதனை அப்படிக் கூப்பிடவே கூடாது, தயவுசெய்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பெரியம்மா யோசித்துப் பார்த்து, "சரி, சாமி வேணாம்னா தொரைன்னு கூப்பிடுவோம். முட்டைத் தொரை" என்று தீர்ப்புச் சொன்னார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். அடுத்த வருடம் வந்தபோது வாசலிலேயே தன் நெஞ்சைத் தொட்டு, "முட்டே தொரே" என்று தமிழில் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

இப்படி ஐந்தாறு வருடம் போனது. ஒரு நாள் மத்தியானம் முட்டையை உரித்துக்கொண்டே, தன் தாத்தா போலந்திலிருந்து வந்தவர் என்றார். தாத்தா பிறந்த வீட்டில் பதினொரு பேர் இருந்தார்களாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது, முன்னமே இங்கிலாந்துக்கு வந்துவிட்ட தாத்தா ஒருவர்தான் மிச்சமாம். அடுத்த முட்டையை எடுத்து மேசையில் தட்டினார். அந்தப் படத்தை எடுத்தது அந்த வருடம்தான். அவருடைய மனைவிக்குக் காட்ட வேண்டும், முகநூல் பக்கத்தில் போடுங்கள் என்று அவரே கேட்டார். முழுத் தலையோடு, அந்தத் தொப்பியோடு போட்டேன். 'எங்கள் தேயிலையை வருடந்தோறும் பரிசோதிக்க வரும் யூதப் பெரியவருடன் எங்கள் குடும்பம்' என்று பெருமையாக எழுதியும் வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் கொமெண்ட் குவிந்துவிட்டது. எழுதியவர்கள் எங்கேயோ இருக்கிற முகமில்லாத ஆட்கள் இல்லை. அட்டன், டிக்கோயா, பக்கத்துத் தோட்டம், கல்யாண வீட்டில் எனக்குப் பந்தியில் இடம் பிடித்து வைக்கிறவர்கள். 'இவனுங்க கால் பட்ட இடம் உருப்படுமா?' 'யேசுவையே கொன்ற கூட்டம், உங்களை விட்டு வைக்குமா?' 'உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் பின்னால் இருந்து சாவி கொடுக்கிறவன் இந்தத் தொப்பிக்காரன்தான்.' 'தேயிலையில் என்ன கலந்துவிட்டுப் போனான் என்று பாருங்கள்.' யூதர்களின் நாடு இப்போது நடத்துகிற யுத்தத்தைப் பற்றிக் கோபமாக எழுதியவர்களும் இருந்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். துணியில் சுற்றிய பிள்ளைகளின் படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டிலும் சோறு இறங்காத நாட்கள் உண்டு. ஆனால் இவை அந்தக் கோபம் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து, இயந்திரத்துக்குக் கீழே கிரீஸைத் தேடுகிற ஒரு கிழவரின் தலையைப் பார்த்த மாத்திரத்தில் வாயில் ஊறிய எச்சில் இது. ஒவ்வொன்றுக்குக் கீழும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வேறு. சீ, வாசிக்கும்போதே கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

எல்லாவற்றையும்விட மோசம் மாஸ்டர் எழுதியது. எனக்குப் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவர். இன்றைக்கும் ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். 'அன்றைக்கு ஜெர்மன்காரன் வேலையை முழுதாக முடிக்காமல் விட்டது பிழை' என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழை இல்லாமல், முற்றுப்புள்ளி வைத்து. அதற்குத்தான் அதிக லைக். எனக்கு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரு தாத்தா ஞாபகம் வந்தார். மாஸ்டர் வகுப்பில் சொன்னதும் ஞாபகம் வந்தது. தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் லயத்துக்குத் தீ வைக்க ஆட்கள் வந்தபோது அவர் சின்னப் பிள்ளையாம். தேயிலைச் செடிக்குள் படுத்துக் கிடந்தார்களாம். "எங்கப்பா எச்சில தொட்டு நெத்தியில இருந்த திருநீற அழிச்சாரு. எம் நெத்தியிலயும் அழிச்சாரு. அத மட்டும் என்னால மறக்க ஏலாதுடா" என்று சொல்லி, முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் சாக்பீஸ் கையோடு அழுத மனுஷன். எங்களை யாராவது தோட்டக்காட்டான் என்று இழிவாக எழுதிவிட்டால் முதல் ஆளாக மனித உரிமை பேசுகிறவர். அந்த வாய்தான் இதையும் சொல்கிறது. எந்தத் துணிச்சலில் சொல்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவரைத் திட்டிவிட்டு நான் நல்லவனாகி உட்கார்ந்துகொள்ள முடியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். முதலாளி கொழும்பிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, யாவாரத்துல கை வைக்கப் பாக்குறாங்க. அந்தப் போட்டோவ என்னமாச்சும் பண்ணு. எடுக்காத, எடுத்தா அந்தாளு கோவிச்சுக்குவாரு. சான்றிதழும் வேணும், சண்டையும் வேணாம்" என்றார். என்னமாவது பண்ணு என்றால் என்ன? போனில் படத்தைத் திறந்து, விரலால் மேல் கோட்டை இழுத்தேன். இரண்டு வினாடி வேலை. தொப்பி போய்விட்டது. எழுதியிருந்ததில் 'யூத' என்ற சொல்லையும் எடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே, தொழிற்சாலையின் பெயரில், 'இவர் யூதர் அல்லர். தரம் பார்க்க வந்த ஆங்கிலேயர். தவறான கருத்துகளைப் பகிர வேண்டாம்' என்று ஒரு பதில் எழுதினேன். அப்படியானால் யூதராக இருந்திருந்தால் அவர்கள் எழுதியதெல்லாம் சரி என்றுதானே அர்த்தம்? அதை எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் மாஸ்டரிடமிருந்து, 'அப்படியா, மன்னிக்கவும். உங்கள் நிறுவனம் மேலும் வளர வாழ்த்துகள்' என்று இரண்டு கும்பிடு வந்தது. அந்தக் கும்பிடுக்கு நான் லைக் போட்டேன். இந்த விரல்தான்.

அடுத்த வருடம் அவர் வந்தார். வழக்கம்போல டோர்ச், கிரீஸ், பீப்பாய். நெஞ்சைத் தொட்டு "முட்டே தொரே" மட்டும் சொல்லவில்லை. மத்தியானம் முட்டை உரிக்கும்போது, "உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். இப்போதெல்லாம் போனே மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது, உங்களுக்கு வேலை குறைவு" என்றார். குரலில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியாதா? அவர் முட்டைக்கு உப்புத் தொட்டார், நான் மேசையில் இருந்த ரசீதுகளை அடுக்கினேன். சாயங்காலம் பெண்கள் படத்துக்கு வரிசையாக நின்றுகொண்டு, "தொர, வாங்க, நடுவுல வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் என் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கிக்கொண்டு, "இந்த முறை நான் எடுக்கிறேன்" என்றார். நல்ல படம். எல்லார் தலையும் முழுதாக இருக்கிறது. அவர்தான் இல்லை. போகும்போது முதல்தரத் தேயிலை இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். ஒரு மன்னிப்புக்குப் பதிலாகத் தேயிலையைக் கொடுத்து அனுப்பிய நாய் நான்.

இந்த வருடம் அவர் வரவில்லை. ஓய்வு பெற்றுவிட்டாராம். அவருக்குப் பதிலாக முப்பது வயதிருக்கும் ஒரு பிள்ளை வந்திருந்தான். சிரித்த முகம். விளிம்பு அகலமான பெரிய தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான், வெயிலுக்குப் போடுகிற மாதிரித் தொப்பி. பரிசோதனை முடிந்து ஒபிஸ் அறையில் உட்கார்ந்து அவனும் முட்டை உரித்தான். தொப்பியைக் கழற்றவில்லை. பெரியம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, "முட்டைத் தொர சொகமா இருக்காரான்னு கேளு. எங்கள நெனைச்சுக்கிறாரான்னு கேளு" என்றார்.

கேட்டேன். நன்றாக இருக்கிறார், உங்களைப் பற்றி நிறையச் சொன்னார் என்றான் அந்தப் பிள்ளை. சுத்தமான தொழிற்சாலை, குழம்பு வாசனையைத் தாங்கிக்கொள்வதுதான் கஷ்டம் என்றாராம். பிறகு, மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரி, தன் தொப்பியின் விளிம்பைத் தொட்டுக் காட்டினான். "இதுவும் அவர் சொன்னதுதான். அங்கே போகும்போது மட்டும் நம் சின்னத் தொப்பிக்கு மேலே ஒரு பெரிய தொப்பி போட்டுக்கொள், அவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள், நம்மால் பாவம் அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்றார்."

அவன் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான், அவ்வளவுதான். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா சொல்றாரு? தொப்பியக் காட்டி என்னமோ சொன்னாரே?"

உள்ளதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். வாய் திறந்தது.

"மழைக்குப் போட்டிருக்காராம் பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ரூமுக்குள்ள என்னடா மழை?" என்று கேட்டுவிட்டு, வெறும் கிளாசை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.