விளக்கவுரை விதிமுறை ஆன கதை

பர்மாவில் கியாக்டடா என்ற பகுதியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் லேஅவுட் வேலை பார்த்தேன். இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக நான் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்.

சீனர் சங்கம் ஒன்று எங்களுக்கு இரண்டு வேலை கொடுத்தது. ஒன்று, தாவோ நெறியின் பழைய நூல் ஒன்றின் பர்மிய மொழிபெயர்ப்பு. மற்றது, சங்கத்தின் புதிய விதிமுறைக் கையேடு. எல்லாம் ஒரே பென்டிரைவில் மூன்று ஃபைலாக வந்தன. முதலாவது நூல். அதைப் படித்தால், எதிலும் தலையிடாமல் சும்மா இருந்தாலே உலகம் நன்றாக நடக்கும் என்று தோன்றும். இரண்டாவது விதிமுறை. மூன்றாவது ஃபைலுக்குப் பெயரே இல்லை. மகன் அப்பாவுக்கு முன்னால் உட்காரக் கூடாது, அதிகாரி விடியும் முன்பே சபைக்கு வந்துவிட வேண்டும் என்று எண் போட்டு வரிசையாக இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. விதிமுறையின் மீதிதான் என்று கையேட்டின் பின்னால் சேர்த்தேன். சங்கச் செயலாளர் ஊ சோ, ப்ரூஃபின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கையேடு அச்சாகிப் போய்விட்டது.

பொதுக்கூட்டத்தன்று காலையில் நூலின் ப்ரூஃப் பார்க்க மொழிபெயர்ப்பாளர் டாவ் மியா வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் எல்லோருக்கும் அவர் சயாமா. விளக்கவுரை எங்கே என்று கேட்டார். எனக்கு அந்தப் பெயரில்லாத மூன்றாவது ஃபைல் ஞாபகம் வந்தது.

"அது சங்கத்து விதிமுறை இல்லையா, சயாமா?"

இல்லை, அது இந்த நூலுக்கான விளக்கவுரை என்றார் சயாமா. அதை எழுதியவர் பழங்காலச் சீனாவில் ஓர் அரசாங்க அதிகாரியாம். கன்பூசிய நூல்களைப் படித்துப் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்கு வந்தவர். சும்மா இரு என்று மூலநூல் சொல்லும் இடத்தில்கூட அவருக்கு அப்பா, மகன், அரசர், அதிகாரி, மரியாதை இவைதான் கண்ணில் பட்டன. அந்தக் காலத்தில் அப்படி உரை எழுதியவர்கள் பலராம். அதைக் காட்டத்தான் மூன்று வருடம் உழைத்ததாகச் சொன்னார்.

முதலாளி சாகுல் பாய் என்னைக் கூப்பிட்டார். "உன் சொந்தப் புத்திய யாருப்பா கேட்டா? போயி உண்மையச் சொல்லு. வேலை இருக்கா இல்லையான்னு வந்தப்புறம் பேசிக்கலாம்."

நானும் சயாமாவும் பஸ் பிடித்துச் சங்கத்துக்குப் போனோம். கூட்டம் பாதியில் இருந்தது. காலி நாற்காலிகள் நிறைய இருந்தும், தலை நரைத்த ஆண்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். அவர்களுடைய அப்பாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விதிமுறை ஏகமனதாக நிறைவேறியிருந்தது.

ஊ சோவைத் தனியே அழைத்துத் தப்பை ஒப்புக்கொண்டேன். இந்த விதிகளுக்காகக் குழு ஆறு மாதம் உழைத்தது என்று அவர் அப்போதுதான் மேடையில் பேசிவிட்டு இறங்கியிருந்தார்.

"கைதட்டி நிறைவேத்தியாச்சு. இனி மாத்தணும்னா அடுத்த வருஷந்தான்" என்றார். பிறகு சயாமாவின் கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். முகம் மாறியது. சங்கத்தின் விதிகள் அந்த உரைக்காரர் கைக்கு எப்படிப் போயின என்று கேட்டார்.

"அவர் செத்துப் பல நூறு வருஷமாச்சு" என்றார் சயாமா.

"அப்படின்னா அவருக்குப் பதிலா நீங்கதான் அனுமதிக்கு விண்ணப்பம் குடுக்கணும்."

அனுமதி இல்லாவிட்டால் உரை இல்லாமல்தான் நூல் வரும். சயாமா என்னிடம் பேனா வாங்கி விண்ணப்பம் எழுதினார். குழு கூடிப் பத்து நிமிடத்தில் அனுமதி கொடுத்தது. "விளக்கவுரை, சங்கத்தின் அனுமதியுடன்" என்ற வரியோடு நூல் வெளிவந்தது. முதல் பிரதியில் அந்த வரியைப் பார்த்ததும் சயாமா சிரித்துவிட்டார்.

"உரைக்காரருக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கும்" என்றார்.

என் வேலை போகவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பெயரில்லாத ஃபைல் வந்தால், கொடுத்தவருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். படித்தால் புரியாத ஃபைலை யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். நன்றாகப் புரிந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் கட்டாயம் கேட்க வேண்டும்.