சொம்புத் தண்ணீர் சிந்தாத பட்டறை

என் வீட்டுக்காரர் துப்பாக்கி பழுது பார்ப்பவர். வேலூரில் லாங் பஜாருக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. லைசென்ஸ் உண்டு, கைத்திறமை உண்டு, உருப்படியான ஒரு மேஜைதான் இல்லை. இருந்தது மாமரத்தில் செய்த பழைய மேஜை. இவர் அரம் போடுவார், அது ஆட்டம் போடும்.

அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வைஸ் இடுக்கியில் ஏதாவது இரும்பைப் பிடித்து அராவுவார். தண்ணீர் சிந்தினால் அன்றைக்கு நுணுக்கமான வேலை எதையும் தொட மாட்டார். சிந்தின தண்ணீரைப் பார்த்து வேலையை நிறுத்துகிற மனுஷன் உலகத்தில் உண்டா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுத் துணியால் துடைப்பார்.

ஆவணிக் கடைசியில் ஆலங்காயம் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் ஒரு நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்தது. அண்ணன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது கால் தடுக்கி, தானாக வெடித்துவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த தம்பியின் காது நுனி போய்விட்டது.

"ஒரு விரக்கடை தள்ளியிருந்தா தலையே போயிருக்கும்மா," என்றார் அண்ணன் என்னிடம். தம்பியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "ஐப்பசி பொறந்தா கடல புடுங்கணும். அதுக்குள்ள குடுத்துடுங்க. வருசம் பூரா சோறு அதுலதான்."

கிளம்பும்போது தம்பி, அண்ணன் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து, நாலடி விட்டுப் பின்னால் நடந்தான். கையில் துப்பாக்கியே இல்லாத அண்ணனுக்கு முன்னால் போகக்கூட அவனுக்குப் பயம்.

துப்பாக்கியில் சுத்தி போல வந்து அடிக்கிற பாகத்துக்குக் குதிரை என்று பெயர். அதைத் தூக்கி நிறுத்தினால் பிடித்து வைக்கும் சின்னப் பல் தேய்ந்திருந்தது. புதுப் பல் அராவ வேண்டும், அதில் மயிரிழை பிசகினாலும் மறுபடி தானாக வெடிக்கும். இந்த மேஜையில் அது நடக்காது என்று இவர் சொல்லிவிட்டார்.

நான் ஆம்பூர்க்காரி. தோல் பதனிடும் ஷாப்பில் கிடந்த மரத்தைக் கரையான் தொடாது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் அண்ணன் அங்கே மேஸ்திரி. அவருக்குச் சொல்லியனுப்பினேன், நாலு விரல் கனத்தில் ஒரு வேங்கைப் பலகை வண்டியில் வந்து இறங்கியது. இவர் முன்னறையில் நாலு குழி தோண்டி, புளியமரக் கால்களை ஒரு முழ ஆழத்துக்கு நட்டு, கல் போட்டுக் கெட்டித்து, மேலே பலகையை ஏற்றினார். சொம்பு வைத்து அராவினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்க என் ஊர்ப் பெருமையை அளந்துவிட்டு வந்தேன்.

புதுப் பல்லை அராவி முடித்தார். பூட்டுவதற்குள் வாலாஜாபேட்டையில் ஒரு மிராசுதார் வீட்டுத் துப்பாக்கி வேலைக்குக் கூப்பிட்டார்கள். கழற்றிய பாகங்களைப் பலகைமேல் வரிசையாக வைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் போனார். அங்கே பத்து நாளாகிவிட்டது. இங்கே புரட்டாசி மழை விடாமல் பெய்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் குதிரை, பல், ஸ்பிரிங் வில் எல்லாம் செங்கல் நிறம். பலகை ஈரம் கசிந்து மினுமினுத்தது. அவர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பலகைமேல் எத்தனையோ வருஷம் உப்புத் தோலை அடுக்கியிருக்கிறார்கள். கரையான் தொடாததும் அதனால்தான். ஊறுகாய்க்கு உப்புப் போடும்போதே ஜாடியின் தகர மூடி துருப்பிடிக்கும் என்று தெரிந்தவள் நான், இது தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவரோ உப்புப் பலகையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத் துருவைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். மற்றதெல்லாம் தேறியது, பல் மட்டும் அரித்துப்போயிருந்தது. கெடுவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"திரும்ப அந்த ஆடற மேஜையில செய்ய மாட்டேன்," என்றார். "கடல போனாலும் போவட்டும். ஆள் போவக் கூடாது."

"கட்டில் இருக்குதே," என்றேன்.

"இன்னா பேசற நீ? அது உங்கப்பா குடுத்தது."

"அந்தப் பலகையும் எங்க ஊர்லருந்து வந்ததுதான். ஒண்ணு கெடுத்துச்சி, இன்னொண்ணு சரி பண்ணட்டும். பிரிங்க."

என் கல்யாணத்துக்குச் செய்த தேக்குக் கட்டில் அது. சட்டம் ஒவ்வொன்றும் என் முழங்கைக் கனம் இருக்கும். நட்டிருந்த புளியமரக் கால்கள்மேல் நீளச் சட்டம் இரண்டை முன்னால் வைத்து, குட்டைச் சட்டம் இரண்டைப் பின்னால் சேர்த்து, போல்ட் போட்டு இறுக்கினார். பின்பக்கம் ஒரு மூலை காலியாகவே நின்றது. பார்க்க லட்சணமாக இல்லை. சொம்பை நானே விளிம்பு வரை நிரப்பி வைத்தேன். இரண்டு நாள் அவர் அராவினார், தண்ணீர் அலம்பக்கூட இல்லை. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படி ஒரு வேலைக்காரன் எனக்கு வாய்த்தானே என்று கர்வமாக இருந்தது.

சொன்ன நாளில் இருவரும் வந்தார்கள்.

"முதல்ல போட்ட பல்லு துருப்பிடிச்சிப் போச்சி," என்று என் வீட்டுக்காரர் தானாகவே ஆரம்பித்தார். "எண்ணெ தடவாம வெச்சிட்டுப் போயிட்டேன், என் தப்பு. இது புதுசு."

"பலகை நான் கொண்டாந்தது," என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், மருந்து போடாத துப்பாக்கியின் குதிரையைத் தூக்கி நிறுத்தி, அதைத் தம்பியிடம் நீட்டினார்.

"அடிக்கட்டைய தரையில குத்து."

தம்பி பயந்து பயந்து குத்தினான். குதிரை விழவில்லை.

"இன்னும் பலமா."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினான். எத்தனை தரம் என்று தெரியாது, தரையில் குழியே விழுந்துவிட்டது. குதிரை அசையவில்லை. கடைசியில் அவனே துப்பாக்கியை அண்ணன் தோளில் மாட்டிவிட்டான்.

நான் வாசல் வரை போனேன். படியில் அண்ணன் ஒதுங்கி நின்றார். தம்பி இறங்கி முன்னால் நடந்தான்.