நாலு கம்பிக்காரன்

நிச்சயம் முடிந்த மறுவாரம் என் வருங்கால மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை கிட்டார் வாசிப்பார் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். "ஒரு பாட்டு வாசிங்க, கேப்போம்" என்றார் ஆசையாக. நான், பாட்டுக்கு அடிநாதம் மட்டும் கொடுக்கிற என் பேஸ் கிட்டாரை மடியில் வைத்து, கண்ணை மூடி, ஒரு ஞானப்பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். ஸ்பீக்கரில் மாட்டாத பேஸ் கிட்டாரின் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி இருக்கும். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சுருதி சேத்தாச்சு. பாட்ட ஆரம்பிங்க" என்றார்.

அப்படியும் மேகலாவைக் கட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

என் பெயர் இன்பராஜ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் பார்த்துப் பிரிக்கிற வேலை. மேசைமேல் விரித்த தோலில் உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, சாயம் ஏறாத இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவேன். உயிரோடு இருந்தபோது அந்த மாடு எந்த வேலியில் உரசியது என்றுகூடச் சொல்லிவிடுவேன் என்று செக்‌ஷனில் கேலி செய்வார்கள். இந்தக் கூர்மையில் கால்வாசி என் காதுக்கு இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

பேஸை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சபையின் வாலிபர் பாடகர் குழுவில் நான் சேர்ந்தபோது கிட்டார் வாசிக்க இரண்டு பேர் இருந்தார்கள். டிரம்ஸ் போதகரின் மருமகனுக்குப் போய்விட்டது. குரலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உனக்கு வாத்தியம்தான் சரி" என்றார்கள். அலமாரியில் மிச்சம் இருந்த வாத்தியம் நாலு கம்பியோடு ஒன்று. அன்று பிடித்ததை இன்னும் விடவில்லை. பிறகு தனகோடி அண்ணனின் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்தது. கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று வேலூர் ஜில்லாவில் நான் ஏறாத மேடை கம்மி. என்னைக் கவனித்தவர்கள் அதைவிடக் கம்மி.

தபரேஸைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆம்பூர் பஜாரில் ஷூவுக்கான பக்கிளும் பசையும் விற்கிற கடை அவனுடையது. வேலூரில் ஒரு இசைக்கருவிக் கடையில் கடைசியாக இருந்த ஒரே ஒரு பேஸ் கம்பிப் பாக்கெட்டுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அப்படிப் பிடித்த சிநேகிதம். அவனிடம் நாலு பேஸ் கிட்டார் இருக்கிறது. மேடை ஏறினால் கை நடுங்கும் என்று ஒருமுறையும் ஏறியதில்லை. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஏறாத இடமில்லை. ஞாயிறு சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தால் எங்களுக்கு ஒரே பேச்சுதான்: டோன். விரலால் மீட்டுவதா, பிளெக்ட்ரம் வில்லையாலா. புதுக் கம்பியா, பழசா.

"புதுக் கம்பி தகரம் மாதிரி கத்தும்டா. கம்பின்னா ஊறணும்" என்பான் தபரேஸ்.

"ஊறுனது போதும். என்னுது செத்தே போச்சு."

"அப்ப வேவ வையி. கொதிக்கிற தண்ணியில பத்து நிமிசம். அழுக்கு எறங்கி பளிச்சுனு பேசும்."

இது அவன் கண்டுபிடித்தது இல்லை. உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் செய்கிற காரியம்தான். ஆர்க்கெஸ்ட்ராவில் நாட்றம்பள்ளியில் ஒரு ரிசப்ஷன் ஒப்புக்கொண்டிருந்தோம். அன்று காலை கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி அடுப்பில் வைத்தேன். கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேகலா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"கம்பி."

"தெரியுது. இட்லிப் பானையில எதுக்கு?"

"டோன் நல்லா வரும்."

அவள் கொஞ்சநேரம் பானையையும் என்னையும் பார்த்தாள். "வெந்துதான்னு குத்திப் பாத்து எறக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் புதுப்பானை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆனால் நாட்றம்பள்ளியில் அன்றைக்கு என் டோன் எப்படி இருந்தது தெரியுமா? தேன். முதல் பாட்டிலேயே ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு தரையில் இறங்கியது. உள்ளங்காலில் அதிர்ந்தது. எனக்காகவே வந்திருந்த தபரேஸ், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டினான். நடுவில் கட்டைவிரலை உயர்த்தினான். நான் சாதாரணமாக மேடையில் ஒரே இடத்தில் மைல்கல் மாதிரி நிற்பவன். அன்று நகர்ந்தேன். ஒரு பாட்டில் லேசாகக் குனிந்து நிமிர்ந்து, கழுத்தைக்கூடச் சாய்த்தேன். வீடியோவில் அது பதிவாகியிருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இடைவேளையில் சவுண்ட் பார்க்கிற மதியழகன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான்.

"ணா, கோச்சிக்காதீங்க. உங்க லைன் மியூட்ல இருக்குது."

"இப்பவா?"

"மொதல்லருந்தேணா. செக்கிங்ல போட்டது, எடுக்க மறந்துட்டேன்."

"அப்ப இவ்ளோ நேரம் கேட்ட பேஸ்?"

"ஜோசுவா அண்ணன் கீபோர்டுல இடது கையில வாசிப்பாரே. அதான்."

கீபோர்டு ஜோசுவா முன்பு பேஸ் இல்லாத ஒரு சபையில் வாசித்தவன். இடது கையைச் சும்மா வைத்திருக்க அவனுக்குத் தெரியாது. அவன் வாசித்ததையே நானும் வாசித்துக்கொண்டிருந்ததால், வந்த சத்தமெல்லாம் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். கம்பியைப் பானையில் வேகவைத்த புகழ் முழுக்க ஜோசுவாவின் இடது கைக்குச் சேரவேண்டியது.

திரும்பும் வழியில் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த தபரேஸ் வாணியம்பாடி வரைக்கும் என் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். பிறகு, "இருந்தாலும் ஃபீலு உன்னுதுதான்டா" என்றான். பைக்கை ஓரம் கட்டி அவனை இறக்கிவிடலாமா என்று யோசித்தேன்.

விஷயம் தனகோடி அண்ணன் காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். டீக்கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"இன்பராஜ், நல்லா யோசிச்சேன். லைன் கம்மியானா மதிக்கு வேல சுலபம். இனிமே நீ மியூட்லயே இருந்துக்க."

"வாசிக்க வேணாமாண்ணா?"

"வாசி, நீ பாட்டுக்கு வாசி. கேக்காது, அவ்ளோதான். மேடையில கிட்டாரோட ஒரு ஆளு நின்னா நெறைவா இருக்கும் பாரு."

வீட்டுக்கு வந்து மேகலாவிடம் சொன்னேன். ஆறுதல் எதிர்பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணான்னு சொல்லிடுங்க. நீங்க இன்னா பூஜாடியா?" என்றாள். சொல்லிவிட்டேன். ஒரு கலைஞனின் கோபத்தோடு விலகினேன். யாரும் தடுக்கவில்லை.

அந்த ஞாயிறு டீக்கடையில் தபரேஸிடம் கொட்டித் தீர்த்தேன். அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது கரைந்து உள்ளே விழுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"அந்த எடம் காலியாவா இருக்குது?" என்றான்.

"எந்த எடம்?"

"மியூட்ல நிக்கிற எடம்."

எனக்குப் புரிய கொஞ்சம் நேரமானது. மேடை ஏறவேண்டும், ஆனால் யாருக்கும் கேட்கக் கூடாது. அவன் வாழ்நாள் முழுக்கத் தேடிய மேடை அதுதான்! எனக்கு அவமானமாக இருந்த அதே சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. தோஸ்த்தை விட்டுக் கொடுக்க முடியுமா? நானே தனகோடி அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கொண்டுவந்த செர்ரிச் சிவப்பு கிட்டாரைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது ஸ்டேஜுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். என்னுடையது மாட்டுச்சாணி நிறம்.

தபரேஸ் மேடையில் நடுங்கினான். இரண்டாவது நிகழ்ச்சியில் கொஞ்சம் குறைந்தது. ஏழெட்டு ரிசப்ஷன் தாண்டியதும் பாடுகிறவர் பக்கத்தில் போய் நின்று சிரிக்க ஆரம்பித்தான். கல்யாணப் பையன்கள் அவனோடு செல்ஃபி எடுத்தார்கள். பதினைந்து வருஷத்தில் படம் எடுக்கிறவர் ஒருவர் ஒரே ஒரு முறை என்னைக் கூப்பிட்டார். அதுவும் நகரச் சொல்லத்தான்.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு காதுகுத்து. மத்தியானம், கொல்லையில் பந்தல் போட்டுக் கச்சேரி. தபரேஸ் வற்புறுத்தியதால் போயிருந்தேன். மதியழகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுடைய சவுண்ட் மிக்ஸரில் ஒரு மியூட் பட்டன் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் 'பேஸ்' என்று இன்னும் என் கையெழுத்து. மதி மோர் குடிக்க எழுந்தான். நான் அதை அழுத்திவிட்டேன். விளக்கு அணைந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை போனது.

பந்தலுக்குள் என்னமோ ஒன்று கனத்தது. தன் வாசிப்பு வெளியே கேட்கிறது என்று தெரியாமலே தபரேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். நன்றாகவே வாசித்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. முன்வரிசையில் கடலை விற்றுவிட்டு வந்த களைப்பில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கால் மட்டும் தாளம் போட்டது. ஒரு இடத்தில் தபரேஸ் நிறுத்தினான், கால் நின்றது. திரும்ப ஆரம்பித்தான், காலும் ஆரம்பித்தது. மனிதர் கண்ணைத் திறக்கவே இல்லை. பதினைந்து வருஷமாக நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பேஸ் எங்கே போய்ச் சேருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதி திரும்பி வந்து பட்டனையும் என்னையும் பார்த்தான். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினான்.

பந்தியில் தபரேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கையில் எடுத்த கறித்துண்டு அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாருக்கும் கேட்டுதா?"

"எல்லாருக்கும்."

"தப்பு வந்துதா?"

"ஒண்ணு. மூணாவது பாட்டுல."

"அது தப்பு இல்லடா பேஜாரு புடிச்சவனே, வேணுன்னே வாசிச்சது" என்றான். கோபம் வந்ததும் நிறமும் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு மியூட்டில் நிற்க அவன் ஒப்பவில்லை. தனகோடி அண்ணன், "லைன் தொறந்தா இருந்துது? நான் கவனிக்கலயே. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். ஜோசுவாவின் இடது கையை மட்டும் கொஞ்சம் அடக்கச் சொன்னார்கள். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான்.

"நீ வா, நான் நின்னுக்கறேன்" என்று தபரேஸ் பலமுறை கூப்பிட்டான். உண்மையாகத்தான் கூப்பிட்டான். நான் போகவில்லை. பெருந்தன்மை என்று யாராவது நினைத்தால் மேகலாவிடம் கேட்கலாம். சோம்பேறித்தனம் என்று சொல்லுவாள். சபையில் ஞாயிறு காலை வாசிக்கிறேன். அங்கே மிக்ஸர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை அமிர்தி போகும் வழியில் ஒரு மண்டபத்தில் தபரேஸுக்கு நிகழ்ச்சி. எதையும் தொடக் கூடாது என்ற கண்டிஷனோடு, மிக்ஸர் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பதாக மதியழகன் சொல்லியிருக்கிறான்.