சும்மா பதினேழு

ஓசூரில் பெங்களூர் ரோட்டை ஒட்டிய சந்துக்குள் போய் ஜமீர் அகமது வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ரொப்பு பாய் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். கல்யாண பாண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதுகிறவர். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் பாண்டு செட்டு முதலாளி சென்னகிருஷ்ணன். திட்டி வைக்கவில்லை, பாராட்டித்தான் வைத்தார். ஒரு மனுஷனைப் பாராட்டியே நாசம் பண்ணலாம் என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போக வேண்டாம்.

கல்யாணத்துக்கு ஊதப் பிறந்தவர் இல்லை ஜமீர். வெள்ளைக்காரன் காலத்தில் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு பட்டாளத்து பாண்டில் இருந்தவர். காகிதத்தில் எழுதியிருக்கிற இசையைப் பார்த்த மாத்திரத்தில் ஊதுவார். அங்கே பாண்டு மாஸ்டர் ரொசாரியோ என்ற கோவாக்காரர். அவர் காலையில் பட்டாளம் நடப்பதற்கு மார்ச் வாசிக்க வைப்பார். மற்ற நேரத்தில் யாரும் கேட்காத புதுப்புது சங்கீதமாக எழுதித் தள்ளுவார். அதற்கு ஆடவும் முடியாது, முணுமுணுக்கவும் முடியாது. மற்ற சிப்பாய்கள் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். ஜமீருக்கு மட்டும் அது பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாற்பத்தாறில் மாஸ்டர் சாக்ஸபோனுக்கும் பியானோவுக்கும் என்று ஒன்று எழுதினார். தலைப்புக்குக் கீழே 'ஜே. அகமதுவுக்காக' என்று போட்டார். பன்னிரண்டு நிமிஷ உருப்படி. சாக்ஸபோன் ஒரு சொல்லை ஆரம்பித்துப் பாதியில் விடும். பியானோ அதை எதிர்த்துப் பேசும். இரண்டும் இப்படியே மல்லுக்கு நிற்கும். நடுவில் ஓரிடத்தில் சாக்ஸபோன்காரரின் தாளில் எழுத்தே இருக்காது. தடித்த கறுப்புக் கோடு ஒன்று, அதன் தலைமேல் 17 என்று எண். அப்படியென்றால் பதினேழு பார் சும்மா நிற்க வேண்டும். ஒரு பாருக்கு நாலு தட்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அதுவரை பிய்த்துப் பிய்த்துக் காட்டிய பாட்டை அந்த ஒரு நிமிஷத்தில்தான் பியானோ முழுசாகச் சொல்லும். பிறகு சாக்ஸபோன் ஒரே ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும்.

"அகமது, ஊதறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பான். சும்மா நிக்கறதுக்கு ஆள் கிடையாது," என்றார் மாஸ்டர். "உன்னால முடியும். அதான் உனக்கு எழுதினேன்."

இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார்கள். அதற்குள் சுதந்திரம் வந்து, பாண்டு கலைந்து, மாஸ்டர் பிழைப்பைத் தேடி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். பியானோவுக்கான தாள்கள் அவரோடு போயின. ஜமீரிடம் அவருடைய தாள்களும், பட்டாளத்தில் விலைக்குக் கேட்டு வாங்கிய சாக்ஸபோனும் மிச்சம். ஒருநாள் இதைப் பியானோவோடு நாலு பேர் முன்னால் முழுசாக வாசித்துவிட வேண்டும். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து சென்னகிருஷ்ணன் செட்டில் சேர்ந்தார். முதல் கல்யாணம் கெலமங்கலத்தில். மாப்பிள்ளை ஊர்வலம் பாதித் தெருவில் போகும்போது கிளாரினெட் வாசிக்கிற ஆஞ்சப்பன் மூச்சு வாங்கக் குழலை இறக்கினார். எழுதினதை மட்டும் ஊதிப் பழகிய ஜமீரும் சேர்ந்து நின்றுவிட்டார். தெருவே ஒரு கணம் கப்சிப். சென்னகிருஷ்ணன் பாய்ந்து வந்தார்.

"யோவ் பாய்! சும்மா நிக்கறதுக்கா உன்னக் கூட்டியாந்தேன்? கல்யாணத்துல சத்தம் அறுந்தா அபசகுனம்யா. பொண்ணு ஊட்டுக்காரன் நம்ம தோல உரிச்சிருவான். ஆஞ்சப்பன் உட்டா நீ ரொப்பு!"

ஜமீர் ரொப்பினார். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே நெளிவும் குழைவுமாக எதையோ போட்டு இட்டு நிரப்புவது பெரிய வித்தையில்லை. நாலே கல்யாணத்தில் பிடிபட்டுவிட்டது. யார் நிறுத்தினாலும் அவர் விரல் தானாக ஓடும். பேரிகை, சூளகிரி, பாரூர் என்று எங்கே போனாலும் "ரொப்பு பாய் வந்திருக்காரா?" என்று விசாரித்த பிறகுதான் தாம்பூலம் மாற்றினார்கள்.

வீட்டில் தினமும் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் மாஸ்டர் தந்த தாள்களை விரித்து வைத்து ஊதுவார். பியானோ இல்லாமல் அது பாதி உடைந்த சட்டி. பக்கத்து வீட்டு ருக்மணி, "உங்கூட்டுக்காரருக்கு வயித்து வலியாக்கா?" என்று முனவர் பேகத்திடம் கேட்பாள். முனவருக்கு அந்தச் சங்கீதத்தில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். நடுவில் சத்தம் நின்று, கணவரின் குதிகால் மட்டும் தரையில் தட்டுகிற அந்தப் பதினேழு பார். அதற்கு 'சும்மா பதினேழு' என்று அவளே பெயர் வைத்திருந்தாள். அடுப்பு வேலையை அப்படியே விட்டுவிட்டு அவளும் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

பத்து வருஷம் ஓடியது. ஐம்பத்தேழில் பெங்களூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாஸ்டரின் தங்கை பிலோமினா எழுதியிருந்தார். அண்ணன் ஆப்பிரிக்காவிலேயே காலமாகிவிட்டார். அவர் பெட்டியோடு பியானோ தாள்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. நானும் பியானோ கற்றுக்கொடுக்கிறவள்தான். அடுத்த மாதம் அண்ணன் மகளோடு இருக்கக் கப்பலேறப் போகிறேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் அண்ணன் எழுதியதை ஒரே ஒரு முறை வாசித்துவிட ஆசை. நீங்கள் வர வேண்டும்.

ஜமீர் கடிதத்தை நாலு தடவை படித்தார். அழுதார். உடனே சாக்ஸபோனை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை ஊதி முடித்து, எப்படி என்பது போல முனவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள் அவள். "ஆனா சும்மா பதினேழு எங்க போச்சு? இப்பெல்லாம் நீங்க நிக்கறதே இல்லியே."

"என்னாடி ஒளர்ற?"

"நெசமாத்தாங்க. நாலஞ்சு வருசமா நிக்கறதில்ல. நானும் சொல்லலாம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் மறுபடி ஊதினார். கறுப்புக் கோடு வந்தது. இரண்டு பார் நின்றார். மூன்றாவதில் விரல்கள் தாமாக எழுந்து கல்யாணக் குழைவைப் போட்டன. வாயிலிருந்து குழலை எடுத்தார். தனக்குத் தெரியாமல் தன் வீட்டுக்குள் ஒருவன் குடியிருந்ததைக் கண்டதுபோல் பயந்துபோனார்.

அந்த மாதம் முழுக்க அவர் ஊதப் பழகவில்லை, நிற்கப் பழகினார். முனவர் எதிரே பதினேழு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவாள். நாலு தட்டுக்கு ஒரு கொட்டையைத் தள்ளுவாள். ஐந்தில் விரல் எழும். "ம்" என்பாள். எட்டில் எழும். "ம்" என்பாள். புறப்படுவதற்கு மூன்று நாள் இருக்கையில் பதினேழும் நின்றார். அவள் கொட்டைகளை ஒரு துணியில் முடிந்து அவருடைய சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள்.

ஞாயிறு காலையில் பெங்களூரில் ஒத்திகை. வயதான பிலோமினா ஒற்றைநாடியாக இருந்தார். கை மட்டும் அண்ணனுடைய கை. காலிக் கூடத்தில் இரண்டு முறை வாசித்தார்கள். இரண்டு முறையும் ஜமீர் பதினேழு பாரும் நின்றார். அந்தப் பாட்டைப் பத்து வருஷத்துக்குப் பிறகு முழுசாகக் கேட்டார். இவ்வளவு பெரிய சொத்தைக் கையில் வைத்துக்கொண்டா ஊர் ஊராக அலைந்தோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிலோமினாவுக்கும் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். பியானோ படிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், தேவாலயத்துக்காரர்கள். ஆரம்பம் நன்றாகவே போயிற்று. கறுப்புக் கோடு வந்தது. ஜமீர் குழலை இறக்கினார். பியானோ பாட்டைத் தொட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது பாரில் முன்வரிசையில் இருந்த கோட்டுக்காரர் ஒருவர் ஜமீரைப் பார்த்துவிட்டு, மனைவி பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். என்ன கேட்டாரோ, மணி எத்தனை என்றுகூடக் கேட்டிருக்கலாம். ஜமீர் காதில் மட்டும் கெலமங்கலத்துத் தெரு விழுந்தது. சும்மா நிக்கறதுக்கா உன்னக் கூட்டியாந்தேன்? பத்து வருஷமாகக் கூட்டம் என்றால் அவருக்கு அதுதான். காலிக் கூடத்தில் நிற்கத் தெரிந்தவருக்கு ஆட்கள் முன்னால் நிற்கத் தெரியவில்லை.

விரல் எழுந்தது. குழல் வாய்க்கு வந்தது. ரொப்பினார்.

பியானோ ஒரு தட்டு தடுக்கி, பிறகு தன் போக்கில் போயிற்று. என்ன செய்கிறோம் என்று ஜமீருக்குத் தெரிந்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை. மாஸ்டர் ஒளித்து ஒளித்து வைத்திருந்து கடைசியில் திறந்து காட்டிய பாட்டின் மேல், மிச்சமிருந்த பதினோரு பாருக்கும் மாப்பிள்ளை ஊர்வலக் குழைவை வழிய வழியக் கொட்டினார். அந்த நீளமான ஒற்றைச் சுரம் எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். அதுதான் கொடுமை. கோட்டுக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "மத்ததெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியல சார். நடுவுல நீங்க சொந்தமா ஒண்ணு போட்டீங்க பாருங்க, அதான் ஏ ஒன்!"

கூட்டம் கலைந்த பிறகு பிலோமினா பியானோவை மூடினார். கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"கடைசி லெட்டர்ல அண்ணன் உங்களப் பத்தி எழுதியிருந்தார்," என்றார். "'ஓசூர்ல ஒருத்தன் இருக்கான், அவன் நிப்பான்'னு."

"அம்மா, இன்னொரு தடவ..."

"யாருக்கு வாசிக்கறது, மிஸ்டர் அகமது? எல்லாரும் போயாச்சு. பியானோவும் நாளைக்கு ஸ்கூலுக்குப் போகுது."

ஊர் திரும்பும் வழியில் ஜூஜூவாடி செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மைசூர் பக்கமிருந்து வருகிறவன் மதுவிலக்கு இருந்த மெட்ராஸ் ராஜ்யத்துக்குள் சாராயம் கடத்துகிறானா என்று மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துப் பார்ப்பது அப்போது வழக்கம். போலீஸ்காரன் சாக்ஸபோன் பெட்டியைத் திறந்து, சட்டைப் பையையும் துழாவினான்.

"பையில என்னாய்யா, புளியங்கொட்டையா? பைத்தியமா நீ? இந்தக் கொழாய்ல எதயாச்சும் ஊத்தி வெச்சிருக்கியா? எங்க, ஊதிக் காட்டு."

ஜமீர் ஊதவில்லை. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. போலீஸ்காரன் இரண்டு தடவை அதட்டினான். ஜமீர் அவன் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். பதினேழுக்கு மேலேயே நின்றிருப்பார். சரியான ஊமை என்று அவன் பெட்டியைத் தள்ளிவிட்டுப் போனான். வேண்டிய இடத்தில் வராத சும்மா, யாருக்கும் வேண்டாத இடத்தில் வந்து சேர்ந்தது.

வாசலில் முனவர் காத்திருந்தாள். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"நின்னீங்களா?"

"ஆறு வரைக்கும் நின்னேன்," என்று முடிச்சை அவள் கையில் கொடுத்தார்.

அவள் துணியை அவிழ்த்து, ஆறு கொட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெடித்தாள். "நாசமாப் போறவங்க! ரொப்பு ரொப்புனு சொல்லியே உங்களக் கெடுத்துட்டாங்களே!"

"அவங்கள ஏன் திட்டற?" என்றார் ஜமீர். "ரொப்பு பாய்னு கூப்புட்டப்பெல்லாம் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

அடுத்த வாரம் பேரிகையில் ஒரு கல்யாணம். கடைத்தெருவைத் தாண்டி ஊர்வலம் கோயில் பக்கம் திரும்பியபோது ஆஞ்சப்பன் மூச்சு வாங்கக் கிளாரினெட்டை இறக்கினார். ஜமீர் ரொப்பவில்லை. இன்றைக்கு நின்றே தீருவது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தார். முதல் பார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது பார். டிரம்முக்காரன் அடிப்பதா விடுவதா என்று குச்சியைத் தூக்கியபடி விழித்தான். சென்னகிருஷ்ணன் முன்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். மாப்பிள்ளையின் மாமன் "யோவ்!" என்றார்.

மூன்றாவதை ஜமீர் எண்ணவில்லை. அதற்குள் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

சென்னகிருஷ்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம ரொப்பு பாய் இருக்கறவரைக்கும் சத்தம் அறுவாது சாமி. பயப்படாம வாங்க."

அவர்களும் சிரித்தார்கள். கோயில் வரைக்கும் ஜமீர் அகமது எங்கேயும் நிறுத்தவில்லை.