சம்பந்தியின் சிப்பாய்

2007-ஆம் ஆண்டு முழுவதும் ஞானேந்திரனுக்கு ஒரு செத்த மனிதன்மேல் பொறாமையாக இருந்தது.

இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த அந்த மனிதனின் பெயர் யாக்கோப். சுவிட்சர்லாந்தில் பிறந்து, ஆங்கிலேயரின் கூலிப்படையில் கனடாவுக்கு வந்து, அமெரிக்கரோடு சண்டை பிடித்தவன். சண்டை முடிந்து படையைக் கலைத்தபோது கியூபெக்கில் ட்ரம்மண்ட்வில் காட்டுக்குள் நூறு ஏக்கர் காணி கொடுத்தார்கள். முதல் கோடையிலேயே உறைபனி விழுந்து பயிரெல்லாம் கருகிப்போனது. கூட வந்த சிப்பாய்கள் பலர் காணியைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். யாக்கோப் மட்டும் மரம் தறித்து விற்று, குளிருக்கு இரண்டு விரல்களைப் பறிகொடுத்து, அங்கேயே வேர்விட்டான்.

இவ்வளவையும் தேடிப் பிடித்தவர் யாக்கோப்பின் வழிவந்த ரெஜான். ஓய்வு பெற்ற பஸ் சாரதி, மொன்ட்ரியால் நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் வீடு. ஞானேந்திரனின் ஒரே மகள் கௌசலா ரெஜானின் மகன் எரிக்கைக் கல்யாணம் கட்டியிருந்தாள்.

ஞானேந்திரன் திருகோணமலைக்காரர். இருபது வருடமாக அதே நகரத்தின் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோகும் வேலை. சம்பந்திமேல் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்வீட்டுக்கு வந்து சாப்பிடும் கௌசலா, இப்போது மாமனாரோடு பழைய தேவாலயங்களுக்கும் சேமக்காலைக் கல்லறைகளுக்கும் போகத் தொடங்கினாள். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தை வாசிக்க அவளுடைய கண்தான் நல்லதாம். இரவில் டெலிபோன் எடுத்து, எங்கட யாக்கோப் இதைச் செய்தான், எங்கட யாக்கோப் அங்கே இருந்தான் என்பாள். ஞானேந்திரன் ரிசீவரை மனைவி சிவநேசத்திடம் நீட்டிவிடுவார்.

ஊரில், மூதூருக்கு அப்பால் அவர்களுக்கு இருந்த காணி அந்த வருடம்தான் இராணுவ வேலிக்குள் போயிருந்தது. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சிவநேசத்திடம் சொன்னார்:

“சண்டை பிடிச்சவனுக்குக் காணி குடுத்திருக்கிறாங்கள். சண்டைக்குப் பயந்து ஓடின எனக்கு இருந்ததும் போச்சு.”



இலையுதிர் காலத்தில் ரெஜான் வீட்டில் விருந்து. சுவரில் பெரிய கடதாசி ஒட்டி, யாக்கோப்பில் தொடங்கி எரிக்வரை எல்லாப் பெயர்களும் எழுதியிருந்தார்கள். கௌசலாவின் பெயரும் எரிக்கின் பக்கத்தில் இருந்தது. அவளுக்கு மேலே வெறும் வெள்ளை. ஞானேந்திரன் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இறைச்சியை வெட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தன்னுடைய பூட்டனும் சிப்பாய்தான் என்றார். திருகோணமலைக் கோட்டையில் வெள்ளைக்காரனின் படையில் இருந்தவர், காலில் குண்டு பட்டவர், பெயர் கதிர்காமத்தம்பி.

சிவநேசம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இவ்வளவு நாளும் ஏனப்பா சொல்லேல்லை?” என்று கேட்ட கௌசலாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவர் பல வருடங்களாகக் கண்டதில்லை.

அதன்பிறகு அவள் தினமும் அவரோடேயே கதைத்தாள். எந்தக் கால், எந்தச் சண்டை, மனைவியின் பெயர் என்ன. அவரும் சொல்லிக்கொண்டே போனார். ரெஜான் லண்டனில் இருக்கும் நூலகங்களுக்கு எழுதிப்போட்டார். அப்படி ஒருவரும் இல்லை என்று பதில் வந்தபோது, பெயரைப் பிழையாகப் பதிந்திருப்பார்கள் என்று வேறு இடங்களுக்கு எழுதினார். அந்த மனிதரின் பொறுமையைப் பார்க்க ஞானேந்திரனுக்கு இன்னும் எரிந்தது. இல்லாத ஒருவனைக்கூட அவர்தான் தேட வேண்டியிருக்கிறது.

தை மாதம் கௌசலா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். ஒரு மத்தியானம் தகப்பனைக் காரில் கூட்டிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போனாள். முருங்கைக்காய் வாங்கி நிமிர்ந்தபோது, ஆம்பிளைப் பிள்ளையென்றால் யாக்கோப் கதிர் என்று வைக்கப்போகிறோம், இரண்டு சிப்பாய்களின் பெயரும் இருக்கும் என்றாள்.

யாக்கோப் முன்னுக்கு, கதிர் பின்னுக்கு. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

“அவர் சிப்பாய் இல்லை, பிள்ளை. என்ர பூட்டனும் இல்லை. கதிர்காமத்தம்பி என்ர அப்பப்பா. கோட்டையடியில மாட்டு வண்டில் ஓட்டினவர்.”

கௌசலா பையை நிலத்தில் வைத்தாள். “அப்ப ஏன் பொய் சொன்னீங்கள்?”

“நீ அவையின்ர ஆளை எங்கட ஆள் எண்டு சொன்னனீ. எங்கட ஆக்களைப் பற்றி ஒருநாளும் கேட்கேல்லையே.”

“கேட்டனான் அப்பா. சின்னனில எத்தினை தரம் கேட்டனான். அதெல்லாம் முடிஞ்ச கதை எண்டு நீங்கள்தான் வாயை மூடினீங்கள்.”

அது உண்மை. 

விஷயத்தை ரெஜானிடம் அவளே சொன்னாள். அவர் கோபிப்பார் அல்லது சிரிப்பார் என்று ஞானேந்திரன் பயந்திருந்தார். அடுத்த கிழமை ரெஜான் வந்து, கோப்பியைக் குடித்துவிட்டு, அந்த வண்டிக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். ஞானேந்திரன் சொல்லத் தொடங்கினார். கறுத்த உயரமான மனிதர். மாட்டை அடிக்கமாட்டார், மனிதரை அடிப்பார். சுருட்டுக் குடிப்பார். அவ்வளவோடு கதை முடிந்துவிட்டது. ரெஜான் இன்னும் காத்திருந்தார்.

சித்திரையில் பெண்பிள்ளை பிறந்தது. எலிசா என்று எரிக் பெயர் வைத்தான்.

அதற்குப் பிறகு ஞானேந்திரன் திருகோணமலையில் இருக்கும் தமக்கைக்கு டெலிபோன் எடுத்து, அப்பப்பாவின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். அவளுக்கும் தெரியாது. யார் யாரைக் கேட்கலாம் என்று இருவரும் யோசித்தார்கள். கேட்கக்கூடியவர்கள் பாதிப்பேர் செத்திருந்தார்கள், மீதிப்பேர் எந்த நாட்டில் என்று தெரியவில்லை. கோணேசர் கோயிலடியில் ஒரு கிழவர் இருக்கிறார், விசாரித்துப் பார்க்கிறேன், வாற ஞாயிறு எடு என்றாள் தமக்கை. ரெஜானுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று ஞானேந்திரன் சிவநேசத்திடம் கண்டிப்பாகச் சொன்னார். இதையாவது தானே கண்டுபிடிக்க வேண்டும்.